கேளுங்கள், சொல்கிறேன்: நிஞ்சா ஸ்பெஷல்

போன இதழில் டர்பன் கிரே ஸ்ட்ரீட் தியேட்டர்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்தேன்: ‘அமெரிக்கன் நிஞ்சா 2’ என்கிற ஹாலிவுட் சண்டைப் படத்தை இங்கே தென்னாப்பிரிக்காவில்தான் எடுத்தார்கள் என்று. அவ்வளவுதான். காவடி, கல்யாணப் பொருத்தம், தமிழ்ப் பள்ளிக்கூடம், அரிசி விலை என்று வழக்கமாக வரும் கடிதங்கள் எல்லாம் இந்த மாதம் லீவு போட்டுவிட்டன. தாத்தாக்கள்கூட நிஞ்சாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த மாதத்தை அதற்கே விட்டுவிடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். முறைத்தார். அப்புறம் தன் கேள்வியையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதுவும் கீழே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ‘அமெரிக்கன் நிஞ்சா’ ஐந்து படமும் உள்ள டிவிடி பெட்டி 60 ரேண்டுக்குக் கிடைத்தது. எனக்கு அந்த இரண்டாவது படம் மட்டும் போதும். மகனோ, ஒன்றிலிருந்து வரிசையாகப் பார்க்காவிட்டால் கதை புரியாது என்கிறான். யார் சொல்வது சரி? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

நீங்கள்தான். மகனைக் குறை சொல்ல முடியாது, ஒரு படம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தின பதினெட்டுப் படமும் பார்த்திருக்க வேண்டும் என்கிற காலத்துப் பிள்ளை. ஆனால் இந்தப் படங்களை அந்த எண்ணத்தில் செய்யவில்லை. வீடியோ கடைக்கு வருகிறவனுக்கு ஒன்றாம் பாகம் கிடைக்காது, யாராவது எடுத்துப்போயிருப்பார்கள், இரண்டுதான் அலமாரியில் இருக்கும், அவனுக்கு முன்கதை ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள்.

முதல் படம் 1985இல் வந்தது. பிலிப்பைன்ஸில் எடுத்தது. ஜோ ஆம்ஸ்ட்ராங் என்கிற அமெரிக்கச் சிப்பாய்க்குப் பழசெல்லாம் மறந்துபோயிருக்கும், நிஞ்சா வித்தை மட்டும் கையில் இருக்கும், அதை யார் கற்றுக்கொடுத்தது என்பது மெதுவாகத் தெரியவரும். கொஞ்சம் சோகம், கர்னலின் மகளோடு கொஞ்சம் காதல். ஜோவாக நடித்த மைக்கேல் டூடிகாஃப் அந்தப் படம் முழுக்கப் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் வசூல், போட்ட காசுக்கு அது பெரிய லாபம். லாபம் வந்தால் இரண்டாம் பாகம் வரும், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது 1987. இயக்குநர் அதே சாம் ஃபர்ஸ்டன்பர்க்தான். ஆனால் மறதி, சோகம், காதல் எல்லாவற்றையும் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கரீபியன் தீவு ஒன்றில் தூதரகத்தைக் காக்கும் மரீன் வீரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், ஜோவும் அவன் நண்பன் கர்ட்டிஸ் ஜாக்சனும் விசாரிக்க வருகிறார்கள், வந்து பார்த்தால் அங்கே மரீன்கள் சீருடையே போடாமல் கடற்கரைச் சட்டையில் உல்லாசமாகத் திரிகிறார்கள். வில்லன் ஒரு போதைமருந்து வியாபாரி. ஒரு விஞ்ஞானியைப் பிடித்துவைத்து, ஆய்வுக்கூடத்தில் சூப்பர் நிஞ்சாக்களை உற்பத்தி செய்கிறான். அதோடு விட்டால் பரவாயில்லை, வாங்க வந்தவர்களை உட்காரவைத்து அவர்கள் முன்னால் சரக்கைச் சண்டைபோடவிட்டுக் காட்டுகிறான். சந்தையில் ஒருவர் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காய்கறி வெட்டும் மெஷினைக் காட்டுவாரே, அதே தோரணை. அந்த வில்லனாக நடித்த கேரி கான்வேதான் கதையையும் எழுதியவர், அதனால் தனக்கு நல்ல வசனமாகப் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

முகமூடி நிஞ்சாக்களின் தலைவன் டோஜோ கென்னாக வருகிறவரையும் கவனியுங்கள். அவர் பெயர் மைக் ஸ்டோன், நிஜமான கராத்தே சாம்பியன், சண்டைப் பயிற்சியும் அவர்தான். இந்தப் படங்களை எடுத்த கேனன் என்கிற கம்பெனி 1981இல் தன் முதல் நிஞ்சா படத்தை எடுத்தபோது கதை அவருடையது, கதாநாயகனாகவும் அவரே நடிப்பதாக இருந்தது. கடைசியில் அந்த வேஷம் இத்தாலிய நடிகர் ஒருவருக்குப் போய்விட்டது. ஆறு வருஷம் கழித்து, தென்னாப்பிரிக்காவில், முகத்தை மூடிக்கொண்டு வில்லனாக நின்று டூடிகாஃபிடம் அடிவாங்குகிறார். எனக்கு அந்தக் கடைசிச் சண்டையில் எப்போதும் அவர் பக்கம்தான் மனசு போகும்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதில் (1989) கதாநாயகனே வேறு ஆள், அதற்குக் கீழே தனிக் கேள்வி வந்திருக்கிறது. நான்காவதில் (1990) புது நாயகனும் பழைய நாயகனும் இரண்டு பேரும் உண்டு. ஆனால் ஜோ ஆம்ஸ்ட்ராங் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டான், பாதிப் படத்துக்குப் பக்கம் போன பிறகுதான் அவனைக் கூப்பிடவே போகிறார்கள். ஐந்தாவது (1993) இந்தக் குடும்பத்துப் பிள்ளையே இல்லை. ‘அமெரிக்கன் டிராகன்ஸ்’ என்ற பெயரில் எடுத்த தனிப் படம், விற்பதற்காக இந்தப் பெயரை ஒட்டினார்கள். அதில் நடித்திருப்பவர் மூன்றிலும் நான்கிலும் நாயகனாக வந்த அதே டேவிட் பிராட்லி, ஆனால் பாத்திரத்தின் பெயர் வேறு, கதை வேறு. உங்கள் மகன் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் அங்கே வந்து நிச்சயம் குழம்புவான். ஆக, இரண்டை முதலில் பாருங்கள். பிடித்தால் ஒன்று. ஐந்தாவது தட்டை டீ கப்புக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

கரீபியன் தீவு என்று சொல்லிவிட்டு நம் நாட்டில் எடுப்பானேன்? கரீபியனிலேயே எடுத்திருக்கலாமே! (ஓய்வுபெற்ற ஆசிரியை, ஃபீனிக்ஸ்)

டீச்சர், காசுதான் காரணம். வேறு எதையும் தேட வேண்டாம்.

அன்றைக்கு இங்கே இருந்த அரசாங்கம் ஏற்றுமதியை வளர்க்கிறேன் என்று ஒரு வரிச்சலுகை வைத்திருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கை விற்பதற்குச் செய்யும் செலவுக்கு வருமானவரியில் நல்ல கழிவு உண்டு. சினிமாவும் ஏற்றுமதிச் சரக்குதானே என்று யாரோ ஒரு கணக்குப்பிள்ளை கண்டுபிடித்தார். அவ்வளவுதான், பல் டாக்டர்களும் வக்கீல்களும்கூடப் படத்தில் பணம் போட ஆரம்பித்தார்கள், படம் ஓடினால் லாபம், ஓடாவிட்டால் வரி மிச்சம். எண்பதுகளின் பின்பாதியில் ஈசல் மாதிரிப் படங்கள் புறப்பட்டன, பல படங்கள் தியேட்டர் பக்கமே வரவில்லை. ரேண்டின் மதிப்பு விழுந்துகிடந்ததால் டாலரோடு வந்தவர்களுக்கு இன்னும் மலிவு. கேனன் கம்பெனியை நடத்திய மெனாஹெம் கோலனும் யோரம் குளோபஸும், இஸ்ரேலைச் சேர்ந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள், மலிவு எங்கே என்று மோப்பம் பிடிப்பதில் எமகாதகர்கள். இங்கே அவர்களுக்கு ஏற்பாடு செய்துகொடுத்த அவி லெர்னர் பிற்பாடு அமெரிக்கா போய் 1992இல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார், கிழட்டு சண்டை நடிகர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2010இல் வந்த ‘தி எக்ஸ்பெண்டபிள்ஸ்’ அந்தக் கம்பெனியின் படம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிறவெறி ஆட்சியோடு கலைத் தொடர்பு வேண்டாம் என்று ஐ.நா. 1968இலேயே கேட்டது, 1980இல் இன்னும் அழுத்தமாகத் தீர்மானம் போட்டது. அப்படியிருக்க, படத்தில் தென்னாப்பிரிக்கா என்று தெரிந்தால் வெளியே விற்பது கஷ்டம். ஆகவே நம் கடல் கரீபியன் கடல் ஆயிற்று, நம் ரோடு பெயர் தெரியாத தீவின் ரோடு ஆயிற்று. 1989இல் எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடும்போது என் மாமா ஒருவர், திரையில் எந்தப் பாறை வந்தாலும் ‘இது நம்ம பக்கம்டா, நான் போயிருக்கேன்’ என்று கை நீட்டுவார். பாதி பொய்யாக இருக்கும். ஆனாலும் ஹாலிவுட் படத்தில் நம் ஊர் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிற விளையாட்டு படத்தைவிட ருசியாக இருந்தது.

நிஞ்சாவா, நிஞ்ஜாவா? எப்படி எழுதுவது? (மாணவி, வெருளம்)

எப்படி எழுதினாலும் பின்னால் வந்து நிற்பான்.

நான் ஆவலோடு மூன்றாம் பாகத்தை வாடகைக்கு எடுத்துவந்து, ஹீரோ எப்போது வருவார் எப்போது வருவார் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. ஏன் மாற்றினார்கள்? (வாசகர், டோங்காட்)

உங்களைப் போல ஏமாந்தவர்கள் நிறையப் பேர். டூடிகாஃப் விலகியதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். கராத்தே படங்கள் அலுத்துவிட்டன என்பது ஒன்று, நிறவெறி ஆட்சி நடக்கும் நாட்டுக்கு வர விருப்பமில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் ‘அமெரிக்கன் நிஞ்சா 2’க்கு அப்புறமும் இங்கே வந்து கேனனுக்கு நடித்திருக்கிறார், 1988இல் வந்த வியட்நாம் போர்ப் படம் ‘பிளாட்டூன் லீடர்’ இங்கே எடுத்ததுதான். அதனால் என் கணிப்பு அலுப்புப் பக்கம். இருந்தாலும் நான்காவதற்குத் திரும்பி வந்தபோது படப்பிடிப்பு இங்கே இல்லாமல் பக்கத்து நாடான லெசோத்தோவில் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது அவருக்கு அநியாயம்.

மூன்றாவதை இயக்கிய செட்ரிக் சுண்ட்ஸ்ட்ராம் தென்னாப்பிரிக்கர், நான்காவதும் அவருடையதே. டேவிட் பிராட்லி கராத்தேயில் டூடிகாஃபைவிடக் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. உண்மையில் டூடிகாஃப் முதல் படத்துக்கு வரும்போது நடிகர் மட்டும்தான், சண்டையெல்லாம் படத்துக்காகக் கற்றது. ஆனால் திரையில் வித்தை தெரிந்தவனைவிட, வித்தை தெரிந்த மாதிரி நிற்கத் தெரிந்தவன்தான் எடுபடுகிறான். நம் ஊர்த் தெருக்கூத்தில் பீமன் வேஷம் போடுகிறவரைக் கல்யாணவீட்டில் மூட்டை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

‘எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படி என்றால் ஆபாசப் படமா? என் மாமியார் கேட்கச் சொன்னார். (வாசகி, ஸ்டாங்கர்)

மாமியாரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சில படங்கள் அப்படியும் இருக்கும். பொதுவாக, ஊரில் எது சூடாகப் பேசப்படுகிறதோ, பேய், கராத்தே, சிறைச்சாலை, மோட்டார்பைக் கும்பல், நிஞ்சா, எதுவோ ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு, பெரிய நட்சத்திரமோ பெரிய செலவோ இல்லாமல், போஸ்டரை முதலில் தயார்செய்துவிட்டுப் படத்தை அப்புறம் எடுப்பது. கேனன்காரர்கள் இதை நிஜமாகவே செய்தார்கள். கான் திரைப்பட விழாச் சந்தையில் இன்னும் எடுக்காத படங்களின் விளம்பரத்தைக் காட்டி விற்றுவிட்டு, அந்தக் காசில் படம் எடுத்தார்கள். இந்த வகையில் இரண்டாம் பாகம் என்பது கதையின் தொடர்ச்சி இல்லை, போஸ்டரின் தொடர்ச்சி.

அண்ணா, அந்தப் படத்தில் உண்மையான ஹீரோ கறுப்பு நண்பர்தான் என்று என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்)

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு. கர்ட்டிஸ் ஜாக்சனாக நடித்தவர் ஸ்டீவ் ஜேம்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று படத்திலும் இருக்கிறார். நாயகன் மாறுகிறான், நாடு மாறுகிறது, இயக்குநர் மாறுகிறார், அவர் மட்டும் மாறவில்லை. மூன்றாவது படத்தை முந்தின இரண்டோடு கட்டிவைத்திருக்கும் ஒரே கயிறு அவர்தான். அவர் இல்லாவிட்டால் அதையும் ஐந்தாவதைப் போலப் பெயர் ஒட்டிய படம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான்காவதில் அவர் இல்லை, அந்தக் குறை படம் முழுக்கத் தெரிகிறது.

இரண்டாவதில் அவரைப் பாருங்கள். டூடிகாஃப் அளந்து அளந்து கையை வீசுவார். இவருக்கு அந்தக் கவலையே இல்லை, ஒருவனைத் தூக்கி எறியும்போதே அடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பார். ஏதோ கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற மாதிரி, ‘வாப்பா, உனக்கும் உண்டு’ என்கிற முகம். இதெல்லாம் எந்த நாட்டில் எந்த வருஷத்தில் எடுக்கப்பட்டது என்று யோசித்தால் கொஞ்சம் திக்கென்கிறது. நெருக்கடிநிலை அறிவித்து ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே தள்ளியிருந்த காலம். தோல் நிறத்தைப் பார்த்து எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று சட்டம் சொன்ன நாடு, சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் அப்படி உண்டானவைதானே. அந்த நாட்டில் ஒரு கறுப்பு மனிதர் கேமராவுக்கு முன்னால் வெள்ளைக்காரர்களைப் புரட்டி எடுக்கிறார், சம்பளம் வாங்குகிறார், அந்தப் படத்தை நாம் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து ரீவைண்ட் செய்து செய்து பார்க்கிறோம். படத்துக்கு அப்படி ஒரு நோக்கம் இருந்தது என்று நான் கதைவிட மாட்டேன். அவர்கள் வரி மிச்சம் பிடிக்க வந்தவர்கள். ஆனால் எங்கள் தெருப் பையன்கள் விளையாடும்போது ‘நான் ஜோ’ என்று யாரும் சண்டைபோட்டதில்லை, எல்லோருக்கும் ஜாக்சன்தான் வேண்டும்.

ஸ்டீவ் ஜேம்ஸ் 1993 டிசம்பரில் புற்றுநோயால் காலமானார். வயது 41. தனிக் கதாநாயகனாக ஒரு நல்ல தொடர் அவருக்கு யாருமே கொடுக்கவில்லை.

கேனன் படங்களையே பேசுகிறீர்களே, நம் நாட்டுக்காரர்களே எடுத்த ‘கில் ஆர் பி கில்ட்’ மறந்துபோயிற்றா? (வாசகர், லெனேசியா)

மறக்கவில்லை, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

நிஞ்சாக்கள் வந்து இறங்குவதற்குப் பத்து வருஷம் முன்பே, எழுபதுகளின் நடுவில், ஐவன் ஹால் என்கிற தென்னாப்பிரிக்க இயக்குநர் எடுத்த கராத்தே படம் அது. பாலைவனத்தில் ஒரு கோட்டை, அதில் ஒரு பழைய நாஜித் தளபதி, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஒரு ஜப்பானியரிடம் தோற்ற அவமானத்தைத் தீர்த்துக்கொள்ள நாற்பது வருஷம் கழித்துப் போட்டி வைக்கிறான். நாயகன் ஜேம்ஸ் ரயன், நம் நாட்டுக்காரர். படம் 1980இல் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போய் யாரும் எதிர்பார்க்காத அளவு ஓடியது. ஓடியதும் மறு வருஷமே இரண்டாம் பாகம், ‘கில் அண்ட் கில் அகெய்ன்’.

இந்த இரண்டாம் பாகத்துக்குத்தான் நான் கோயில் கட்டுவேன். உருளைக்கிழங்கிலிருந்து எரிபொருள் தயாரிக்க முயன்ற ஒரு விஞ்ஞானி தவறிப்போய் மனிதர் மனதை அடிமையாக்கும் மருந்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். நம் வீட்டில் உருளைக்கிழங்கு வைத்தால் அதிகபட்சம் வாயுத்தொல்லை. வில்லன் மார்டுக் அவரைக் கடத்துகிறான், நாயகன் ஐந்து பேர் கூட்டத்தோடு மீட்கப் போகிறான். கூட்டத்தில் ‘கொரில்லா’வாக கென் காம்பு, நம் நாட்டுக் கறுப்பு நடிகர்களில் பழைய பெருந்தலை. ‘ஈ’ என்ற பட்டப்பெயரோடு ஸ்டான் ஷ்மிட், இங்கே கராத்தேயை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர், நிஜ வாழ்க்கையில் மாஸ்டர். விஞ்ஞானியின் மகளாக 1974இன் உலக அழகி ஆனலீன் க்ரீல். கடைசியில் பாய்ந்து வரும் துப்பாக்கிக் குண்டு மெதுவாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிதந்து வரும், நாயகன் அதிலிருந்து தப்புவான். பதினெட்டு வருஷம் கழித்து அமெரிக்காவின் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் இதே மாதிரி ஒரு காட்சிக்கு உலகமே வாயைப் பிளந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. முதல் படத்தில் நாயகன் பெயர் ஸ்டீவ் ஹன்ட். இரண்டாவதில் அதே நடிகர், அதே உதை, பெயர் ஸ்டீவ் சேஸ். ஏன் மாற்றினார்கள் என்று படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பார்க்க வந்தவர்களும் கேட்கவில்லை. இரண்டாம் பாகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்: வந்தாயா, உட்கார், போன தடவை என்ன பெயர் சொன்னோம் என்றெல்லாம் குடையாதே.

இன்னொன்று. இந்த கென் காம்புதான் ‘அமெரிக்கன் நிஞ்சா 4’இல் டாக்டர் டாம்பாவாக வருகிறார். நம் ஊர்க் கராத்தே தொடரையும் கேனனின் நிஞ்சா தொடரையும் சேர்த்துவைக்கும் ஒட்டு அவர். சாட்ஸ்வொர்த் அண்ணன் கவனிக்கவும், நான்காவது தட்டையும் டீ கப்புக்கு அடியில் வைத்துவிட வேண்டாம்.

இதெல்லாம் சரி. தமிழில் இந்த மாதிரி ஏதாவது உண்டா, இல்லை தமிழ்ப் பத்திரிகை என்பதே மறந்துவிட்டதா? (ஆசிரியர், துண்டுச்சீட்டில்)

உண்டு சார். ராகவா லாரன்ஸின் பேய்ப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் ‘முனி’. 2011இல் அதன் இரண்டாம் பாகமாகக் ‘காஞ்சனா’. அது முதலாவதை விழுங்கிவிட்டது, அதனால் 2015இல் வந்த மூன்றாம் பாகத்துக்கு ‘காஞ்சனா 2’ என்று பெயர், 2019இல் வந்த நான்காம் பாகம் ‘காஞ்சனா 3’. மூன்றாவது பிள்ளைக்கு ‘ரெண்டாவது’ என்று பெயர் வைத்த குடும்பம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதை விளக்கப்போய் நான் ஒரு சனிக்கிழமையை இழந்தேன்.

நம் நாடு சம்பந்தப்பட்ட தமிழ் இரண்டாம் பாகமும் ஒன்று இருக்கிறது. 2013இல் வந்த ‘சிங்கம் 2’. அதில் சூர்யா வில்லனைத் துரத்திக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்கே வந்துவிடுவார். அமெரிக்கக்காரன் வந்தால் நம் ஊரைக் கரீபியன் ஆக்கினான், நம்மவர் வந்தபோது நம் ஊர் நம் ஊராகவே வந்தது, என்ன, போதைமருந்துக் கும்பலின் கோட்டையாக வந்தது! தியேட்டரில் எல்லோரும் விசில் அடித்தோம். என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மட்டும், ‘இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு கோயிலுக்குக்கூடப் போகலியே’ என்றார்.

பாரதியும் கம்பனும் எழுதிய மொழியில் அடிதடிப் படங்களைப் பற்றி இரண்டு பக்கமா? நம் பிள்ளைகள் தமிழ் படிப்பதே அபூர்வம், கிடைக்கும் இடத்தையும் இப்படி வீணாக்கலாமா? (தமிழன்பர், டர்பன்)

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. நேற்று என் மருமகள் பெண், பதினோரு வயது, இந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்யும்போது தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ‘நி... ஞ்... சா. தாத்தா, நிஞ்சா!’ ஒரு வருஷமாக அவள் சலிக்காமல் ஒரு முழு வரி தமிழ் படித்து நான் பார்த்தது அதுதான். கம்பனை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம், யாராவது கேள்வி அனுப்பினால்.

1990இல் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடியோ கடையில் எடுத்த ‘அமெரிக்கன் நிஞ்சா 2’ டேப் வீடு மாறும்போது கிடைத்தது. திருப்பிக் கொடுக்கவே இல்லை போலிருக்கிறது. கடை இப்போது செல்போன் ரிப்பேர் கடை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்)

ஆக, நீங்கள்தானா அது! அந்தக் கடையாக இருந்தால், 1990 டிசம்பர் லீவு முழுக்க நானும் என் தம்பியும் அந்த டேப் எப்போது வரும் என்று கவுண்டரில் கேட்டுக் கேட்டுக் கடைக்காரரிடம் திட்டு வாங்கினோம்.

ஒன்று செய்யுங்கள். பழைய பிளேயர் எங்காவது கிடைத்தால் போட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் மதுக்கடையில் ஒரு சண்டை வரும், அந்த இடத்தில் படம் நடுங்கி, குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது எங்கள் கடை டேப்தான். பேட்டை முழுக்க அந்த ஒரு சண்டையை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டு அந்த இடத்து நாடாவைத் தேய்த்துவைத்திருந்தோம். கோடு ஓடினால் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், அபராதம் கேட்க மாட்டேன். ரீவைண்ட் பண்ணி அனுப்புங்கள், அது மட்டும்.